காற்று நின்றுபோன கோடை

தூக்கத்திலேயே ஒருவர் போய்விட்டால், "புண்ணியம் செஞ்சவர், ஒரு கஷ்டமும் படாம போனார்" என்று சொல்வது நம் வழக்கம். டில்லி கிட்வாய் நகரில் குடியிருந்த காலத்தில் நானும் துக்க வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, வாசலில் விட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறேன். இப்போது யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன். கஷ்டப்படவில்லை என்று யார் பக்கத்தில் இருந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். துக்க வீட்டில் அப்படிக் கேட்க முடியாது.

எண்பதுகளின் கடைசி. நான் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் சார்புச் செயலாளராக இருந்தேன். எந்தக் காகிதம் எந்த மேஜையில் ஏறி எந்த மேஜையில் உயிரை விடும் என்பது எனக்கு மனப்பாடம். வேறு பிரிவுகளிலிருந்தும் வந்து விதி கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவன், இணைச் செயலாளர் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கண்ணைத் திறந்தபடி தூங்க ஆரம்பித்தேன். கையெழுத்தின் கடைசி எழுத்து ஒரு கோடாக நீண்டு காகிதத்தின் ஓரம்வரை போயிருக்கும். ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினால் விளக்கு பச்சையாவதை நான் பார்த்ததில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி முதுகில் விரலால் குத்தித்தான் கிளப்புவாள். அவளுக்கு அது பழகிய வேலை. ராத்திரியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

"நீங்க கொறட்டை விடுறதுகூடப் பரவால்லங்க," என்றாள் ஒருநாள், அரிசி களைந்தபடி. "அது சட்டுன்னு நின்னு போகுதுல்லா, அப்பத்தான் எனக்கு முழிப்பு வந்துருது. எப்ப மறுபடி இழுப்பீயன்னு பாத்துக்கிட்டே கிடப்பேன். இழுக்கலேன்னா ஒரு இடி."

"இடிச்சதும் இழுத்திருதேனா?"

"இதுவரைக்கும் இழுத்திருக்கீய."

அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரமே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மார்பு நோய் டாக்டர் ஒரு பஞ்சாபிக்காரர். வெளிநாட்டில் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்தவர். என்னை ஒரு ராத்திரி வார்டில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு நர்சை உட்காரவைத்தார். காலையில் நர்சிடம் கேட்டுவிட்டு வந்து, தொண்டைச் சதை தூக்கத்தில் தளர்ந்து விழுந்து மூச்சுக் குழலை அடைத்துவிடுகிறது என்றார். மூளை பயந்துபோய் எழுப்புகிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. "நீங்கள் ராத்திரி தூங்கவே இல்லை. தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருக்கிறீர்கள்."

"ஒருநாள் எழ மறந்துபோனால்?"

அவர் மேஜையில் இருந்த காகிதங்களை நேராக அடுக்கினார். அந்தச் சைகை எனக்குத் தெரியும். பதில் தெரிந்தும் சொல்ல விரும்பாத அதிகாரி செய்வது. "இதற்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது," என்றார். "இங்கே கிடைக்காது. வெளியே யாராவது இருக்கிறார்களா?"

மனைவியின் தம்பி ஆஸ்திரேலியாவில் இன்ஜினீயர். அடுத்த லீவில் அவன் அதைச் சுமந்துகொண்டு வந்தான். சுங்கத்தில் அந்தச் சாமானுக்கு எந்தத் தலைப்பும் பொருந்தாமல், வீடு பெருக்கும் மெஷின் என்று எழுதி விட்டுவிட்டார்களாம். அதில் பெரிய தப்பில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது. சத்தமும் அப்படித்தான். ஒரு கனத்த பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கை மட்டும் கவ்விக்கொள்ளும் ரப்பர் மூடி, அதைத் தலையோடு சேர்த்துக் கட்ட வார்கள். பெட்டி காற்றை அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தத்தில் தொண்டை மூடாமல் நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. பிளக்கின் கால்கள் சாய்ந்திருந்ததால் டில்லியின் எந்தச் சாக்கெட்டும் அதை ஏற்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டு வேறு பிளக் வைத்தோம்.

கூடவே அக்காவுக்கென்று ஒரு கரண்ட் கடிகாரமும் கொண்டுவந்திருந்தான். கறுப்புப் பெட்டியில் சிவப்பு எண்கள். கரண்ட் நின்று வந்தால் அது பன்னிரண்டு மணியிலிருந்து புதிதாக எண்ண ஆரம்பிக்கும். யாராவது நேரத்தைச் சரிசெய்கிறவரை எண்கள் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதை என் கட்டிலின் தலைமாட்டில், மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரே சாக்கெட்டிலிருந்து இரண்டுக்கும் இணைப்பு. எங்கள் வீட்டில் கடிகாரம் தப்பு நேரம் காட்டக்கூடாது என்பது என் சட்டம். ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலிக்கு எல்லாக் கடிகாரமும் பதில் சொல்லியாக வேண்டும். மனைவிக்கும் மகள்கள் இருவருக்கும் அது தெரியும்.

அந்தக் குளிர்காலம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது. ஒரு மாதத்துக்குள் நான் வேறு ஆளாகிவிட்டேன். கூட்டங்களில் விழித்திருந்ததால், அங்கே எவ்வளவு அபத்தம் பேசுகிறார்கள் என்பதே அப்போதுதான் தெரியவந்தது. சிக்னலில் பச்சை விழுவதை என் கண்ணால் பார்த்தேன். பஞ்சு ரஜாய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு, யானையைப் போலப் படுத்திருப்பேன். பக்கத்தில் மனைவி பல வருஷத்துக்கு அப்புறம் முழுத் தூக்கம் தூங்கினாள்.

சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும், அதன் பலனைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. மூடியின் மேல்விளிம்பில் காற்று கசிந்து கண்கள் காலையில் சிவந்திருந்தன. மேல் வாரை இறுக்கினேன். கீழ்விளிம்பில் கசிந்தது. கல்லூரி நாளிலிருந்து வளர்த்த மீசையை எடுத்தேன். ஆபீசில், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார்கள். ராத்திரி தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் பழக்கத்தால் வார்கள் வழுக்கின. அதையும் விட்டேன். அப்புறம் வாய் வறட்சி. காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கு வழியே போகும் காற்று வாய் வழியே தப்பித்துப் போகிறது, வாயை மூடிவைக்க ஏதாவது கட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மனைவி பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு மடிப்பாகத் தைத்து, தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடும்படி ஒரு கட்டு செய்து கொடுத்தாள். முதல் தடவை கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அந்த மாதிரிக் கட்டை எப்போது, யாருக்குக் கட்டுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

"நல்லா நிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"அசையவே இல்ல," என்றேன்.

ஏப்ரல் பிறந்து கூலர்கள் ஜன்னலுக்கு வந்தன. கோடை வந்தால் அந்தக் காலனியில் பாதிப் பேர் வெளியேதான் தூங்குவார்கள். எங்களுடையது மாடி வீடு, மேலே மொட்டைமாடி. மாலையில் தண்ணீர் தெளித்து, கயிற்றுக் கட்டில்களை விரித்து, மனைவியும் மகள்களும் அங்கே போய்விடுவார்கள். நான் மட்டும் கீழே. மொட்டைமாடியில் சாக்கெட் இல்லை.

"தனியா கிடப்பீயளா?" என்று மனைவி கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள். "இப்பத்தான் மெஷின் பாத்துக்கிடுதே."

கூலரும் மெஷினும் சேர்ந்து போடும் சத்தத்தில் நான் ராஜாவைப் போலத் தனியாகப் படுத்தேன். மே மாதத்துக்குள் பழைய களைப்பு திரும்பிவிட்டது. இந்தத் தடவை கூடவே தலைவலி. விழித்த உடனே, நெற்றியை உள்ளேயிருந்து யாரோ தள்ளுவது போல. காபி குடித்து, குளித்து, ஆபீஸ் போய்ச் சேரும்போது கொஞ்சம் குறையும். கைவிரல்கள் லேசாக நடுங்கின. ஒருநாள் மகளின் பெயரை வாயில் வைத்துக்கொண்டு, அது என்ன பெயர் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

மறுபடி டாக்டர். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, இதயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். மூடியை மாட்டச் சொல்லிக் கசிவு பார்த்தார், இல்லை. வடிகட்டியைத் திறந்து டில்லிப் புழுதியைத் தட்டினார், குழாயை ஊதிப் பார்த்தார்.

"மெஷின் ராத்திரி முழுக்க ஓடுகிறதா?"

"போட்டுவிட்டுப் படுக்கிறேன். எழும்போது ஓடிக்கொண்டிருக்கிறது."

"கரண்ட்?"

"எங்கள் லைனில் ராத்திரி வெட்டு கிடையாது. சுற்றறிக்கை வந்திருக்கிறது." இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன் என்பதால் எங்களுக்கு அந்தச் சலுகை.

"அச்சா," என்றார் அவர். சுற்றறிக்கை என்றால் அந்தக் காலத்து டில்லியில் மேற்கொண்டு கேள்வி இல்லை. தாடைக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கச் சொன்னார். இறுக்கினேன்.

மே கடைசியில் மனைவி தன் தங்கை மகளின் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனாள், மகள்களையும் அழைத்துக்கொண்டு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. லீவு விதிகள் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், கிடைக்காது என்பதும் முன்பே தெரியும்.

தனியாக எழுந்த முதல் காலை, தலைவலியோடு திரும்பிப் பார்த்தேன். கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியே நன்றாக விடிந்திருந்தது, அது மூன்று மணி சொச்சம் என்றது. வெளிநாட்டுச் சாமானும் கடைசியில் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, ரேடியோ பீப்புக்குச் சரிசெய்தேன். மறுநாள் காலை அது வேறொரு தப்பு நேரத்தை மினுக்கியது. மூன்றாவது நாள் கண் விழித்தபோது மூக்கில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இதயம் மாடிப்படி ஏறியது போல அடித்துக்கொண்டிருந்தது. பனியன் முழுக்க வியர்வை. கடிகாரம் பன்னிரண்டு நாலு என்றது.

நான் கடிகாரத்தின் மேல்தான் கோபப்பட்டேன். அன்று சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட் டெலிபோன் பூத்திலிருந்து கல்யாண வீட்டுக்குப் பேசினேன். பந்தல்காரர்களுக்குக் காபி போனதா என்று யாரோ பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நலம் விசாரித்துவிட்டு, "உன் தம்பி கொடுத்த கடிகாரம் கெட்டுப்போச்சு," என்றேன்.

"ஏன், மினுக்குதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் தெனமும் மினுக்கிக்கிட்டுக் கிடக்குமே. காலையில நீங்க முழிக்கதுக்கு முந்தி எறங்கி வந்து நான் சரிபண்ணி வச்சிருவேன்லா. தப்பா மணி காட்டுனா நீங்க சும்மா விடுவீயளா?"

"தினமுமா?"

"ரெண்டு மாசமா. கரண்டு போயிப் போயி வரும்லா."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"டில்லில கரண்டு போறதெல்லாம் ஒரு சேதியாங்க?" என்றாள். பின்னால் பேசியவர்களைச் சத்தம் போடாமலிருக்கச் சொன்னாள். "ஏங்க," என்றாள், குரல் மாறி. "அப்ப அந்த மெஷினு?"

மூன்று நிமிஷம் முடியப் போவதாகப் பூத்துக்காரன் சைகை காட்டினான். ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஓட்டத் தோன்றவில்லை. மூடி மூக்கைக் கவ்வியிருக்கிறது, வாயை வேட்டித் துணி கட்டியிருக்கிறது, கரண்ட் போகிறது. மூக்கில் வந்துகொண்டிருந்த காற்று நிற்கிறது. அதற்கப்புறம் அந்த ராத்திரிகளில் நான் எந்தக் காற்றை இழுத்தேன்? காலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ராத்திரி முழுக்க ஓடியதாக நானே சான்றளித்திருக்கிறேன். கரண்ட் எப்போது திரும்பி வந்தது என்று கடிகாரம் சொல்லும். எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது என்று சொல்ல அதற்கு வழியில்லை. அன்று காலை அது பன்னிரண்டு நாலு காட்டியது என்றால், காற்று திரும்பி வந்து நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. என்னை எழுப்பியது அந்தக் காற்று. அது இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்று யோசித்தபோது, மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன்.

கீழ்வீட்டுக்காரர் வராந்தாவில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், பாதுகாப்புக் கணக்குத் துறை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். வயிற்று எரிச்சலால் பல வருஷமாகத் தூக்கம் வராதவர்.

"ராத்திரில கரண்ட் போகுதா?" என்று கேட்டேன்.

"தெனமும் போகுதுங்களே சார். ஒருவாட்டி ரெண்டுவாட்டி இல்லீங்க."

"நம்ம லைன்ல ராத்திரி வெட்டு கிடையாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

"வெட்டு இல்லீங்க சார், டிரிப்பு. எல்லா வீட்டுலயும் கூலரு ஓடறப்ப டிரான்ஸ்ஃபார்மரு படுத்துக்குதுங்க. அப்பறம் அந்த லைன்மேன் எந்திரிச்சு வந்து போடோணும். அவனும் தூங்கோணுமில்லீங்க?" கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கூலரு நின்னாலும் உங்க வூட்டுல ஒரு சத்தமும் வராது. காலனியே எந்திரிச்சு விசிறிட்டு நிக்கும், நீங்க அசைய மாட்டீங்க. குடுத்து வெச்ச மனுசன்னு நெனச்சுக்குவேனுங்க."

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டர் அறையில் இருந்தேன். முதல் நாள் தெரிந்துகொண்டதை எல்லாம் சொன்னேன். காற்று வராவிட்டால் அந்த மூடி வெறும் மூடிதான் என்றார். நான் விட்ட மூச்சே அந்தக் குழாயில் தேங்கி எனக்கே திரும்பி வந்திருக்கிறது, காலைத் தலைவலி அதன் வேலை. மற்றவர்கள் மூச்சு முட்டி விழித்துக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் தூங்காத உடம்பு விழிக்க மறுக்கிறது. "முதலில் அந்தத் தாடைக்கட்டை எரித்துவிடுங்கள்."

"மெஷின் இல்லாமல் படுக்கலாமா?"

"பழைய வியாதி அப்படியேதான் இருக்கிறது."

"மெஷினோடு?"

"பக்கத்தில் ஆள் இருந்தால்." மறுபடி காகிதங்களை அடுக்கினார். "விழித்திருக்கும் ஆள்."

மனைவி திரும்ப இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அலுவல் முறைப்படி நான் யாரிடமும் எந்த உதவியும் வாய்மொழியாகக் கேட்டதில்லை. அன்று மாலை கீழ்வீட்டு வராந்தாவில் போய் நின்று, என் வீட்டுச் சாவியை நீட்டினேன். கரண்ட் போனால் மேலே வந்து என் மூக்கிலிருந்து மூடியைக் கழற்ற வேண்டும் என்றேன். அவர் சாவியை உடனே வாங்கவில்லை.

"தூக்கம் வராத ஆளுக்குச் சர்க்கார் ஒரு போஸ்டு குடுத்திருக்குதுங்க," என்றார் கடைசியில். "கழட்டுனா எந்திரிச்சுக்குவீங்களா?"

"கழட்டுறதுக்கு முன்னாலயே நானே எந்திரிச்சிருவேன்," என்றேன். "இப்பத்தான் எனக்குத் தெரியுமே. தெரிஞ்ச உடம்பு முழிச்சுக்கிடும்."

இதை நான் உண்மையாகவே நம்பினேன். காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பதுதான் என் முப்பது வருஷ உத்தியோகம். அன்று ராத்திரி தாடைக்கட்டு இல்லாமல், மூடியை மட்டும் மாட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் எழுந்தபோது தலை வலிக்கவில்லை. மூடி மூக்கில் இல்லை, தலையணைக்குப் பக்கத்தில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் கீழ்வீட்டுக்காரர், என் வீட்டுப் பாலில் அவரே போட்ட காபியோடு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நானே எந்திரிச்சுக் கழட்டிட்டேன் போலிருக்கு," என்றேன்.

அவர் டம்ளரை மெல்ல மேஜையில் வைத்தார்.

"மூணுவாட்டி போச்சுங்க சார். மூணுவாட்டியும் வந்தேன். மொதல்வாட்டி தோளைத் தட்டுனேன், 'அங்கே வச்சிட்டுப் போ'ன்னீங்க, ஆபீசு பியூனுன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. கண்ணைத் தொறக்கல. நானே கழட்டுனேன். கரண்டு வந்ததும் மறுக்காப் போட்டுவுட்டுட்டுப் போனேன். ரெண்டாவதுவாட்டியும் அப்படியேதானுங்க."

"மூணாவது?"

"மூணாவதுவாட்டி கொஞ்சம் கண்ணசந்துட்டேனுங்க," என்றார். "என்னைக்குமில்லாம." கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "வந்து கழட்டறப்ப ஒதடு நல்லா இல்லீங்க சார். கூப்புட்டேன். பேரைச் சொல்லிக் கூப்புட்டேன். ஒலுக்குனேன். அப்பறந்தான் ஒரு இழுப்பு இழுத்தீங்க. அதுக்கு மேல அந்தக் கருமத்தைப் போட எனக்குக் கை வரல. விடியற மட்டும் இங்கியே உக்காந்துட்டேன்."

எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. தோளைத் தட்டியது, உலுக்கியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டது, எதுவுமே. நன்றாகத் தூங்கி எழுந்தவனைப் போலத்தான் வந்து நின்றிருந்தேன். நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அன்றே மனைவிக்குத் தந்தி கொடுத்தேன். கல்யாணம் முடிந்த கையோடு, விருந்துக்குக்கூட நிற்காமல் அவள் ரயில் ஏறினாள். வரும்வரை நான் ஈஸிசேரில் சாய்ந்தபடி, மூடி இல்லாமல், தூங்கியும் தூங்காமலும் கிடந்தேன். கீழ்வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு விஷயம் தீர்ந்துபோய், கடைசியில் லீவு விதிகளைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி வந்த அன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய்த் தன் கட்டிலை இறக்கிவந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில், என் கட்டிலை ஒட்டிப் போட்டாள். அந்தச் சூட்டில் உள்ளே எப்படித் தூங்குவாய் என்று கேட்டேன்.

"தூங்க யாரு போறா?" என்றாள்.

தலைமாட்டில் கடிகாரம் ஏதோ ஒரு நேரத்தை மினுக்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவள் கை அதை நோக்கிப் போனது. "அதைத் தொடாதே, கரண்ட் போச்சுன்னு அதாவது சொல்லட்டும்," என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். மழை வந்து கூலர்கள் நிற்கிறவரை, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், இவர் வீட்டிலா இப்படி என்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் எழுந்து சரிசெய்யப் போனார். மனைவி குறுக்கே போய் நின்றுகொண்டாள்.